கிணற்று நீரும் எஞ்சின் நீரும்

பெரியபாளையத்துப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் வீடுகளில் வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். விரலுக்குச் சொரசொரவென்று இருக்கும். சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைப் பொருக்கு ஏறியிருக்கும். புளியைக் கரைத்து ஊறவைத்துத் தேய்த்தால் கொஞ்சம் விடும். சில மாதங்களில் மறுபடி ஏறிவிடும். பொருக்குத் தடித்த அண்டாவில் தண்ணீர் காய நேரமாகும், விறகும் கூடுதலாகச் செலவாகும். அடுப்படியில் நிற்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த அண்டாவில் நடப்பது கொட்டகையில் நிற்கும் டிராக்டருக்குள்ளும் நடக்கிறது. ரேடியேட்டரில் மட்டம் குறைந்தால் பக்கத்து மோட்டார் கொட்டகையில் ஒரு குடம் பிடித்து ஊற்றுவதுதான் வழக்கம். "தண்ணிதானேண்ணா, ஊத்திக்கலாம்" என்பார்கள். ஊற்றிய தண்ணீர் சூடான வார்ப்பிரும்பின் மீது அண்டாவில் செய்ததையே செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. அண்டாவில் வெப்பம் வெளியிலிருந்து தண்ணீருக்குள் வர வேண்டும். எஞ்சினில் உலோகத்திலிருந்து தண்ணீருக்குள் போக வேண்டும். நடுவில் பொருக்குப் போர்வை விரித்தால் அண்டாவில் விறகு வீணாகும். எஞ்சினில் எஞ்சினே வீணாகும்.

பழைய ரேடியேட்டர் நீரை வடித்து, உள்ளே கழுவி, புதிய கூலன்ட் நிரப்பும் வேலையை வீட்டிலேயே ஒரு பகல் பொழுதில் முடித்துவிடலாம். அதைச் செய்யும் முறை இந்த அத்தியாயத்தின் பின்பகுதியில் வருகிறது. ஏன் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் முறை தானாகவே மனத்தில் நிற்கும் என்பதால் முதலில் அதைப் பார்ப்போம்.

கால் மணிக்கு ஓர் அண்டா

சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேற்று உழவு. கத்திரி வெயில். கேஜ் வீல் மாட்டிய நடுத்தர டிராக்டர் ஒன்று மணிக்கு 4 லிட்டர் டீசல் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. ஆக மணிக்கு 40 யூனிட். இதில் உழவுக்குப் பயன்படுவது மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகையோடு மேலே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதியை, தோராயமாக மொத்தத்தில் கால் பங்கை, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் சுமக்க வேண்டும். கால் பங்கு என்றால் 10 கிலோவாட்.

30 லிட்டர் பிடிக்கும் அண்டாவின் கீழ் இந்த 10 கிலோவாட்டை வைத்தால் பச்சைத் தண்ணீர் பதினைந்தே நிமிடத்தில் தளதளவென்று கொதிக்கும். சேற்றில் உழும் டிராக்டர், கால் மணிக்கு ஓர் அண்டா வெந்நீர் வைக்கிற வெப்பத்தை நாள் முழுக்கக் கக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதற்குள் இருப்பதோ 10 லிட்டர் அளவுத் தண்ணீர். அது கொதித்துவிடாமல் காப்பது சுழற்சி. வாட்டர் பம்ப் தள்ளத் தள்ள, சிலிண்டர்களைச் சுற்றிச் சூடேறிய நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றாடி இழுக்கும் காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது.

இந்த வேலைக்குத் தண்ணீரைப் போல் பொருத்தமான பொருள் அரிது. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த 4.18 கிலோஜூல் தேவை. இரும்புக்கு 0.45 போதும். எடைக்கு எடை இரும்பைவிட ஒன்பது மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

முந்தைய தலைமுறை இந்த ஏற்பாட்டை வேறு வடிவில் பார்த்திருக்கிறது. மின்சார மோட்டார் வருவதற்கு முன் வயல்களில் ஓடிய ஆயில் எஞ்சின்கள் பலவற்றில், இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு கிளையை எஞ்சினுக்குள் விட்டு வெந்நீராக வெளியே எடுப்பார்கள். உள்ளே வந்த நீர் உடனே வாய்க்காலுக்குப் போய்விடும். கிணறு பக்கத்திலேயே இருந்ததால் அது முடிந்தது. டிராக்டர் கிணற்றை விட்டு நகர்ந்து போகிற எந்திரம். தன் தண்ணீரைத் தானே சுமந்து, அதையே ஆறவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். தொடக்ககால ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இதற்குப் பம்ப்கூட இல்லை; சூடான நீர் மேலே போகும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பியே அவை ஓடின. சென்னை செம்பியத்தில் சிம்சன் எஞ்சின்களும், 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாசே ஃபெர்குசன் டிராக்டர்களும் உருவாகத் தொடங்கியபோது வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் எஞ்சினின் இயல்பான உறுப்புகளாகிவிட்டிருந்தன. செம்பியத்திலிருந்து பெரியபாளையம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். எஞ்சின் பக்கத்து ஊர்ப் பிள்ளை. அதற்கு ஊற்றுகிற தண்ணீர்தான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

மூடிக்குள் ஒரு குக்கர்

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைத்துவிடக் கூடாது. பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற வேலையை அது செய்கிறது. உள்ளே ஒரு சுருள்வில் குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை நீராவியை விடாமல் பிடித்து வைத்திருக்கும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தத்தோடு அரை மடங்கு அழுத்தம் கூடினால் 111 டிகிரி வரை கொதிக்காது. ஏறக்குறைய ஒரு மடங்கு கூடினால் 118 டிகிரியைத் தாண்டும்.

அதனால்தான் மூடியின் ரப்பர் வெடித்துப்போனால், தண்ணீர் நிறைய இருந்தும் எஞ்சின் கொதிக்கிறது. அதனால்தான் சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பது அத்தனை ஆபத்து. 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீரை அழுத்தம் மட்டுமே அடக்கி வைத்திருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அந்த அடக்கம் போய், நீரின் ஒரு பகுதி அப்படியே ஆவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும்.

வெயில் தன் பங்குக்கு வேலையைக் கூட்டுகிறது. ரேடியேட்டரில் நீர் 95 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி என்றால் இடைவெளி 65. சென்னை 2003 மே 31 அன்று கண்டதுபோல் காற்று 45 டிகிரியாக இருந்தால் இடைவெளி 50. வெப்பம் வெளியேறும் வேகம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஆக, கோடையின் உச்சத்தில் அதே ரேடியேட்டர் தன் திறனில் கிட்டத்தட்டக் கால் பங்கை இழந்து நிற்கிறது. குழாய்கள் சுத்தமாக இருந்தால் சமாளிக்கும். பொருக்கு ஏறியிருந்தால் அன்றுதான் ஆவி பறக்கும். ஹெட் கேஸ்கட் போகும். மோசமானால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும்.

ஆரணியாற்றுக்குக் கீழே

பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோயிலை ஒட்டி ஓடும் ஆரணியாற்றில் வெள்ளம் வருவது ஆண்டில் சில வாரங்கள். மற்ற நாட்களில் இந்த நிலத்தின் நீர் மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில்தான். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்ந்து படியவைத்த இந்த வண்டல் நிலத்தை 1960களின் பிற்பாதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்துச் சென்னை நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். எடுத்த அளவுக்கு மழை நிரப்பவில்லை. கடலோரம் மீஞ்சூர்ப் பக்கம் உப்புநீர் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. பெரியபாளையம் கடலுக்கு எட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் மண்ணையும் பாறையையும் கரைத்துக்கொண்டு இறங்கும் எந்த நிலத்தடி நீரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சுமந்தே வரும். இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம்.

கரைந்திருக்கும்வரை இந்தக் கால்சியம் கண்ணுக்குத் தெரியாது. அது பைகார்பனேட்டாக இருக்கும். சூடு பட்டதும் அது பிரிந்து, கார்பன் டை ஆக்சைடு குமிழாகப் போய், கால்சியம் கார்பனேட் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். எஞ்சினில் சூடு அதிகமான இடம் சிலிண்டர் ஹெட். எந்த இடத்தை முதலில் ஆற்ற வேண்டுமோ, அந்த இடத்துக்கே போர்வை முதலில் விழுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்புக்கும் இந்தப் பொருக்குக்கும் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. ஒரு மில்லிமீட்டர் பொருக்கு, ஓர் அங்குலம் கூடுதல் இரும்புச் சுவர் எழுப்பியதற்குச் சமம்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டால் உண்மையான எதிரி யார் என்று தெரியும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரை 10 லிட்டர் நிரப்பினால் உள்ளே போகும் சுண்ணாம்பு 4 கிராம். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. அதோடு நின்றுவிட்டால் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும் தண்ணீர் நூற்றுக்கு மூன்று பங்கு விரியும். விளிம்பு வரை நிரப்பிய 10 லிட்டரில் 300 மில்லி வழிந்தே தீரும். வழிந்ததைப் பிடித்துவைக்கும் குப்பி இல்லாத டிராக்டரில் அது மண்ணில் போகும். மறுநாள் காலை மட்டம் குறைந்திருக்கும், மறுபடி விளிம்பு வரை கிணற்று நீர், மறுபடி வழிசல். வழிவது பெரும்பாலும் சுண்ணாம்பை உள்ளே இறக்கிவிட்ட தண்ணீர். ஊற்றுவது புதுச் சுண்ணாம்பு சுமந்த தண்ணீர். இருநூறு நாள் வேலையில் 24 கிராம் சேரும். ஹோஸ் கசிந்து ஆவியாகிக்கொண்டிருந்தால் இன்னும் கூடும்.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்களில் பாத்தியில் நீர் வற்ற வற்றப் புது நீர் பாய்ச்சுவார்கள். ஒரு பாய்ச்சலில் உப்பு விளைவதில்லை. திரும்பத் திரும்பப் பாய்ச்சுவதில்தான் விளைகிறது. தினமும் ஒரு சொம்பு கிணற்று நீர் ஊற்றும் ரேடியேட்டர் ஒரு சின்ன உப்பளம்.

குடிக்கத் தகுந்த தண்ணீர் எஞ்சினுக்கும் தகும் என்று நினைப்பது இயல்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 விதி, குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு ஆதாரம் இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது. குளோரைடுக்கு இதே வரிசையில் 250, 1000. திருவள்ளூரில் ஆலை வைத்திருக்கும் கேட்டர்பில்லர் நிறுவனம் தன் டீசல் எஞ்சின்களில் ஊற்றும் தண்ணீருக்கு விதித்திருக்கும் எல்லை: கடினத்தன்மை 170, குளோரைடு 40. மனித உடம்பில் உப்பை வடிகட்டிச் சிறுநீரில் அனுப்பச் சிறுநீரகம் இருக்கிறது. எஞ்சினுக்கு அப்படி ஓர் உறுப்பு கிடையாது. அதன் சிறுநீரகம் நாம்தான். வடித்துக் கழுவுகிற அந்த ஒரு பகல்தான்.

கூலன்ட் என்ன செய்கிறது

கூலன்ட்டின் உடல் எத்திலீன் கிளைக்கால். பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல்ஸ் அடால்ஃப் வூர்ட்ஸ் 1856இல் முதன்முதலாகத் தயாரித்த இந்தத் திரவம் 1920களில்தான் எஞ்சின்களுக்கு வந்தது. குளிர் நாடுகளில் ரேடியேட்டர் நீர் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும். அதைத் தடுக்கவே அங்கே இது பரவியது. பாதிக்குப் பாதி கலந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது.

ஊட்டியையும் கொடைக்கானலையும் விட்டால் உறைபனியே காணாத நமக்கு எதற்கு? மூன்று காரணங்கள். முதலாவது, அதே கலவை 107 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120க்கும் மேலே. இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானங்களை ஓட்டிய ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் எஞ்சின் முதலில் தனிக் கிளைக்காலோடு பறந்து, பிறகு 30 பங்கு கிளைக்கால், 70 பங்கு தண்ணீர் என்று அழுத்தத்தோடு மாறியது. தனிக் கிளைக்காலின் குறை அதன் வெப்பக் கொள்ளளவு. கிலோவுக்கு 2.4 கிலோஜூல்தான்; தண்ணீரில் பாதியைவிடச் சற்றே கூடுதல். வெப்பத்தைச் சுமப்பது தண்ணீர்தான், கிளைக்கால் அதற்குத் துணை. "கெட்டியா ஊத்தினா நல்லா கூலாகும்" என்று தண்ணீரே சேர்க்காமல் அடர் கூலன்ட்டை நிரப்புவது தவறு.

இரண்டாவது காரணம்தான் நம் ஊருக்கு முக்கியம். கூலன்ட்டில் துருத் தடுப்பான்கள் இருக்கின்றன. எஞ்சினுக்குள் வார்ப்பிரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம், ஈயப் பற்று எல்லாம் ஒரே நீரில் நனைந்து கிடக்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் உப்பு நீரில் சேர்ந்து நின்றால் அது மின்கலம்தான். ஏதாவது ஒன்று கரையும். தடுப்பான்கள் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் போட்டு அதை நிறுத்துகின்றன. இந்தப் படலத்துக்கான பொருள் நாளாக ஆக ஆகத் தீர்ந்துபோகும். கிளைக்காலும் சூட்டில் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாக மாறும். மஞ்சள் தடவிய துணியில் சோப்பு பட்டால் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அது காரத்தின் அடையாளம். புதுக் கூலன்ட்டும் காரப் பக்கமே நிற்கும். அமிலப் பக்கம் சரிந்துவிட்டால் அது காவலனாக இருந்தது போய் அரிப்பானாகிவிட்டது என்று பொருள். ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கும் பி.எச். தாள் ஒன்றைத் தோய்த்தால் தெரிந்துவிடும். பச்சை, ஆரஞ்சு என்ற நிறங்கள் வெறும் சாயம்; நிறம் மாறாமலே கூலன்ட் செத்துப்போயிருக்கலாம்.

மூன்றாவது காரணம் வியப்பானது. 1890களில் பிரிட்டிஷ் கடற்படையின் டேரிங் என்ற கப்பலில், சுழலி வேகமாகச் சுற்றியும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. சுழலியைச் சுற்றி நீர் கிழிந்து வெற்றுக் குமிழ்கள் உண்டாவதுதான் காரணம் என்று கண்டார்கள். அந்தக் குமிழ் உடைந்து சுருங்கும்போது என்ன ஆகும் என்று 1917இல் ரேலி பிரபு கணக்கிட்டார். கடைசி நொடியில் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தம் ஒரு புள்ளியில் குவியும் என்று வந்தது. எஃகையே கொத்தும் உளி அது. தண்ணீர் நேரடியாக நனைக்கும் லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) உள்ள டீசல் எஞ்சின்களிலும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் மணிபோல் அதிர, அதன் வெளிப்பக்கத்தில் குமிழ்கள் பிறந்து உடைந்து, ஊசி குத்தியதுபோல் துளைகள் விழுகின்றன. ஒருநாள் துளை மறுபக்கம் திறக்கும். தண்ணீர் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டீசல் எஞ்சினுக்கென்றே தயாரித்த கூலன்ட்டில் உள்ள சேர்மங்கள் லைனர்மேல் போடும் படலம் இந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது. வெறும் தண்ணீரால் இது முடியாது.

ஒரு பகல் வேலை

இப்போது கொட்டகைக்கு வருவோம். முதல் நாள் மாலையே டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும். கையில் இருக்க வேண்டியவை: அகன்ற பேசின் ஒன்று, மூடியுள்ள பிளாஸ்டிக் கேன்கள், கையுறை, ஸ்பேனர், கொஞ்சம் கம்பி, கையேடு சொல்லும் கூலன்ட், பேட்டரித் தண்ணீர் எனப்படும் டிஸ்டில்டு வாட்டர். ரேடியேட்டரின் கொள்ளளவு மாடலுக்கு மாடல் மாறும்; கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் வெளிப்பக்கம். ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவில் வைக்கோல் தூசும் பதரும் அடைத்திருந்தால் உள்ளே எத்தனை கழுவியும் பயனில்லை. காற்றாடிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தகடு வளையாத அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் அடித்தால் அடைப்பு வந்த வழியே திரும்பும்.

பிறகு மூடியைத் திறந்து, கீழ்க்குழாயைத் திறந்து பேசினில் பிடியுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு டிரெயின் பிளக் இருக்கும். அதைத் திறக்காவிட்டால் பழைய நீரில் கணிசமான பங்கு சிலிண்டர்களைச் சுற்றியே தங்கிவிடும். பிளக்கைக் கழற்றியும் நீர் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை என்று நினைக்காதீர்கள், வண்டல் அடைத்திருக்கிறது. கம்பியால் மெதுவாகக் குத்தினால் செம்மண் குழம்புபோல் வந்து விழும். வருவதன் நிறத்தைக் கவனியுங்கள். செங்கல் நிறம் என்றால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால் கேஸ்கட்டிலோ ஆயில் கூலரிலோ கசிவு. கழுவுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

பிளக்குகளை மூடி, நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை ஓட்டுங்கள். மேல் ஹோஸ் கையில் சூடாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகு இருக்கிறது. ஏறக்குறைய 80 டிகிரியில் அது உருகி விரிந்து வழியைத் திறந்தால்தான் நீர் முழுச் சுற்றும் சுற்றும். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். சூடான பிளாக்கில் குளிர்ந்த நீரை ஊற்றவே கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் நல்லது. உள்ளே தங்கும் மிச்சம் எதுவாக இருந்தாலும் அது சுத்தமானதாக இருக்கட்டும்.

பொருக்கு தடித்திருந்தால் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தின் இளம் கரைசல் அதைக் கரைக்கும். அண்டாவில் புளி செய்கிற வேலைதான். ஆனால் அலுமினிய ரேடியேட்டரில் எந்த அமிலமும் ஆபத்து. கையேடு அனுமதித்தால் மட்டும் செய்து, பலமுறை அலசிவிடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். அது சுண்ணாம்போடு எஞ்சினையும் கரைக்கும்.

நீர் வடிந்திருக்கும் நேரத்திலேயே ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். மூடியின் ரப்பரையும் ஃபேன் பெல்ட்டின் இழுவையையும் வாட்டர் பம்பின் அடியில் கசிவு இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். கோடையில் கொதித்த டிராக்டரின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும். டீசல் முழுதாக எரியாது, சிலிண்டர் சீக்கிரம் தேயும். கொதித்ததன் காரணமும் தீராமல் அப்படியே இருக்கும்.

கூலன்ட்டையும் தண்ணீரையும் வாளியில் முன்பே கலந்துகொண்டு ஊற்றுவது நல்லது. பெரும்பாலான அடர் கூலன்ட்டுகளுக்குப் பாதிக்குப் பாதி. கலந்தே வரும் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரண்டு வகைக் கூலன்ட்டுகளைக் கலந்தால் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுத்துக் கூழாகிவிடலாம். மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே சிறிது நேரம் ஐடிலில் ஓடவிடுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழாக வெளியேறி மட்டம் இறங்கும், மறுபடி நிரப்புங்கள். விளிம்பு வரை வேண்டாம். விரிவதற்கென்று இரண்டு விரற்கடை இடம் விட்டால் அந்த 300 மில்லி வழியாது. மறுநாள் சொம்பைத் தேட வேண்டியதும் இல்லை. கலந்து மிஞ்சிய கூலன்ட்டை ஒரு பாட்டிலில் அடைத்து, டிராக்டரின் கருவிப்பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். மட்டம் குறைந்தால் கை கிணற்றை நோக்கிப் போகாமல் அந்தப் பாட்டிலை நோக்கிப் போகும்.

பேசினில் இருப்பது

வேலை முடிந்தது என்று பேசினைத் தூக்கி வரப்பில் கவிழ்த்துவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்வது. அதை நிறுத்தச் சொல்வதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதினேன் என்றாலும் மிகையில்லை.

எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய் நக்கும், பூனை நக்கும், கன்றுக்குட்டி உறிஞ்சும், தவழும் குழந்தை விரலை வாயில் வைக்கும். வளர்ந்த ஒருவருக்கே ஏறக்குறைய 100 மில்லி உயிரைப் பறிக்கப் போதும். பூனைக்கு ஓரிரு தேக்கரண்டி போதும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதைப் படிப்படியாக மாற்றி ஆக்சாலிக் அமிலமாக்குகிறது. அது இரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக் கால்சியம் ஆக்சலேட் படிகமாகச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கிறது. ரேடியேட்டரின் குழாய்களை அடைத்த அதே கால்சியம், இப்போது ஓர் உயிரின் குழாய்களில். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, மயக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் மாற்று மருந்து உண்டு. படிகம் படிந்த பிறகு மிகவும் கடினம்.

கிளைக்கால் குடும்பம் நமக்குத் தெரியாத பகையும் அல்ல. 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோது, இருமல் மருந்துகளில் எத்திலீன் கிளைக்காலும் அதன் உறவான டை எத்திலீன் கிளைக்காலும் கலந்திருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் இருந்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கொட்டகையில் பேசினில் நிற்பது அந்தக் குடும்பத்துத் திரவம்தான்.

கிளைக்காலை மண்ணின் நுண்ணுயிர்கள் நாளடைவில் தின்று தீர்த்துவிடும். ஆனால் குளத்திலோ கிணற்றிலோ விழுந்தால் அப்படித் தின்னும்போதே நீரின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன் செத்து மிதக்கும். பழைய ரேடியேட்டரின் பற்றிலிருந்து கரைந்த ஈயத்தையோ எந்த நுண்ணுயிரும் தின்னாது. ஆற்று மணலுக்குள் இறங்கினால் அது கிணற்றுக்கு வரும் வழி நெடுந்தூரம் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலைகளின் அபாயகரக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்க ஒரு நிலையம் இயங்குகிறது. ஆலைகள் தங்கள் கழிவுகளை முறைப்படி ஒப்படைக்க 2016ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. ஒரு விவசாயியின் 10 லிட்டருக்கு அப்படி ஒரு வழி இன்னும் வாசலுக்கு வரவில்லை. வர வேண்டும், கூட்டுறவுச் சங்கமோ டிராக்டர் விற்பனை நிலையமோ ஊருக்கு ஒரு பீப்பாய் வைத்தாலே தொடங்கிவிடலாம். அதுவரை நம்மால் ஆவது, பழையதை மூடியுள்ள கேனில் ஊற்றி, "விஷம்" என்று பெரிதாக எழுதி, உயரத்தில் வைத்து, பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் பிரித்து வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைப்பது. குடிநீர்க் கேனிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றவே வேண்டாம்.

வழக்கமான பச்சைக் கூலன்ட்டுக்கு இரண்டு ஆண்டு என்பது பொதுக் கணக்கு. நீண்டகால வகைகளுக்குக் கையேடு சொல்வதே கணக்கு. தேதி மறந்துபோகும் என்பவர்களுக்கு நம் பஞ்சாங்கமே ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு எப்படியும் டிராக்டரைக் கழுவுவோம், சந்தனம் வைப்போம், மாலை போடுவோம். அதற்கு முந்தின நாள், எஞ்சின் ஆறியிருக்கும் காலையில், மூடியைத் திறந்து ஒருமுறை உள்ளே பாருங்கள். மாற்றிய ஆண்டாக இருந்தால் மட்கார்டின் உள்பக்கம் பெயின்ட்டால் தேதியை எழுதுங்கள். பிறகு பழையதை அடைத்த கேனின் மூடியைக் கடைசியாக ஒருமுறை இறுக்கிவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு குடியுங்கள்.